ஓங்காதீர்கள், வைத்துத் தட்டுங்கள்

தை பிறக்க ஒரு மாதம் இருக்கும்போதே தாராவி வீடுகளில் பொங்கல் பேச்சு தொடங்கிவிடும். பானை கும்பர்வாடாவில் வாங்குவதா, வெண்கலப் பானைக்கு மாட்டுங்கா போவதா, கரும்பு ஜோடி என்ன விலை என்று எல்லாவற்றையும் அலசுவோம். விறகு பிளக்கும் கருவியை மட்டும் யாரும் யோசித்து வாங்குவதில்லை. ஊரிலிருந்து எப்போதோ வந்த மூன்றடிக் காம்புக் கோடாலி பரணிலிருந்து இறங்கும். நம் சந்துகளுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

மூன்றடிக் காம்பைத் தலைக்கு மேல் ஓங்க வானம் வேண்டும், சுற்றிலும் ஆளில்லாத இடம் வேண்டும். எங்கள் சந்தின் அகலம் நாலடி. மேலே கரண்ட் வயர், துணிக்கொடி, தகரக் கூரையின் விளிம்பு. கீழே சாக்கடையை மூடிய கடப்பாக்கல். இடையில் எந்நேரமும் ஓடித் திரியும் பிள்ளைகள். அடி ஒன்று தவறினால் கல் உடையும், அல்லது கால் உடையும்.

கருவியின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். மரம் வெட்டும் கோடாலிக்கு வாய் மெலிசு. நாரைக் குறுக்கே அறுப்பது அதன் வேலை. பிளப்பதற்கு நாரை அறுக்க வேண்டியதில்லை, விலக்கினால் போதும். அதற்குக் கன்னம் தடித்த, ஆப்பு வடிவக் கருவி வேண்டும். மெலிந்த கோடாலியால் பிளக்கப் போனால் அது கட்டைக்குள் புதைந்துகொள்ளும். அதைப் பிடுங்கும்போது கை காயப்படலாம்.

என் ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவியில் விறகடுப்பில் இட்லி அவித்து விற்றவள். அவளிடம் இருந்தது முதுகு தடித்த ஒரு வெட்டுக்கத்தியும், புளியங்கட்டையில் செய்த கொட்டாப்புளியும். கட்டையை நிறுத்தி, அதன் தலையில் ஏற்கெனவே விட்டிருக்கும் வெடிப்பில் கத்தியைப் பதித்து, முதுகில் கொட்டாப்புளியால் தட்டுவாள். இரண்டு தட்டு, மூன்று தட்டு. கட்டை வாய் பிளந்துவிடும். கணு இருந்தால் அது அடிப்பக்கம் வரும்படி திருப்பி வைப்பாள். நான் கையை உயர்த்தினால், "ஏ பிள்ளை, ஓங்காத, வச்சுத் தட்டு" என்பாள். கத்தி தலைக்கு மேலே போகாத வேலை அது. ஒண்டிக்குடித்தன வாசலுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் கண்டதில்லை.

கோடாலியேதான் வேண்டும் என்பவர்கள் கைக்கோடாலி வாங்கலாம். இரும்பு முக்கால் கிலோ, காம்பு ஒன்றே கால் அடி போதும். காம்பில் மர ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் முறியும். இரும்பு ஆடினால் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவார்கள். காய்ந்ததும் மறுபடி ஆடும், கழன்று பறக்கும். புது ஆப்பு அடிப்பதே சரி. வாயில் அரத்தை ஓட்டிப் பாருங்கள். பொலபொலவென்று இரும்பு உதிர்ந்தால் அது பதம் ஏறாத சரக்கு, பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தக் கருவியானாலும் அதன் முதுகில் இரும்புச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. சில்லு தெறித்துக் கண்ணில் படும். மரக் கொட்டாப்புளிதான் துணை. அடியில் ஒரு தடித்த அடிமரம், அதன்மேல் பழைய ஸ்கூட்டர் டயர். விறகை டயருக்குள் நிறுத்தினால் கையால் பிடிக்க வேண்டியதில்லை. பிளந்த துண்டும் சிதறாது.

எதைப் பிளக்கிறோம் என்பதும் முக்கியம். கப்பல் சரக்கோடு வந்த பெட்டிப்பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். பக்கத்தில் 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் பூச்சி சாகச் சூடேற்றிய மரம், எரிக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை காட்டிய மரம். அடுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள். பெயின்ட் அடித்த பழைய கதவு, நிலை, பிளைவுட் எதுவும் பொங்கல் அடுப்புக்கு ஆகாது.

இந்தக் காலத்தில் விறகே எதற்கு என்று நான் இப்போது வசிக்கும் செம்பூர் அடுக்ககத்தார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விறகு, நிலக்கரி எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் மாற்று எரிபொருளுக்குப் போக வேண்டும் என்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காற்று அந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது. அன்றாடச் சமையலுக்கு எரிவாயுதான் சரி. ஆச்சியின் இருமலைக் கேட்டு வளர்ந்தவள் நான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வருஷத்தில் ஒருநாள், தெருவே வாசலுக்கு வந்து அடுப்பு மூட்டும் நாளை விட மனமில்லை. அந்த ஒருநாள் நெருப்பைப் புகை குறைவாக எரிக்கும் கடமை நமக்கு உண்டு.

புகை குறைய விறகு காய்ந்திருக்க வேண்டும். காய வேண்டுமானால் முன்கூட்டியே பிளந்தாக வேண்டும். முழுக்கட்டையில் பட்டை ஈரத்தைப் பூட்டி வைத்திருக்கும். பிளந்த முகம் வழியே அது சீக்கிரம் வெளியேறும். மும்பையில் டிசம்பர் வறண்ட மாதம். மாதத் தொடக்கத்தில் வாங்கி, மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, காற்றுப் படும்படி அடுக்கினால் பொங்கலுக்குள் நன்றாகக் காயும். இரண்டு துண்டுகளை மோதிப் பாருங்கள். 'டங்' என்றால் காய்ந்தது, 'தொப்' என்றால் ஈரம்.

தெருப் பொங்கல் நடத்தும் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் வசூலிக்கும் பணத்தில் சிறு பங்கை ஒதுக்கி, சந்துக்கு ஒரு வெட்டுக்கத்தி, ஒரு கொட்டாப்புளி, ஒரு அடிமரம், ஒரு டயர் வாங்கி வையுங்கள். வீட்டுக்கு வீடு கோடாலி தேவையில்லை. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குத் தட்டிக் காட்டட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும், அறுபது வயதுக்காரருக்கும் கைவரும் வேலைதான் அது.