நாற்பதில் வேலை மாறலாம், வெறுங்கையோடு மாறாதீர்கள்!



சில மாதங்களுக்கு முன் கிள்ளானில் உள்ள என் அலுவலகத்துக்கு ஒரு லோரி ஓட்டுநர் வந்தார். வயது 43. ஒரே கம்பெனியில் 16 ஆண்டுகள். மாதச் சம்பளம் 2,400 வெள்ளி. கம்பெனி லோரிகளைக் குறைக்கப் போகிறது என்று சொல்லி, மேலாளர் அவரிடம் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். "அண்ணே, நீங்களா விலகிக்கிற மாதிரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. நல்ல பேரோட போகலாம். 3,000 வெள்ளி கையில தர்றோம்."

அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார். சண்டை வேண்டாம், எப்படியும் வேறு தொழில் பார்க்கத்தானே போகிறோம் என்று நினைத்தாராம். நான்காவது மாதம், கையில் இருந்த பணமெல்லாம் தீர்ந்த பிறகு என்னிடம் வந்தார்.

"சார், ஏர்கோன் வேலை கத்துக்கலாமுன்னு பாக்குறேன். இந்த வயசுல முடியுமா?"

முடியும் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கேட்காத இன்னொரு கேள்வி இருந்தது. அந்த ஒரு கையெழுத்தின் விலை என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1980-ஆம் ஆண்டின் பணிநீக்கப் பயன் விதிமுறைகளின்படி, மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரரை ஆட்குறைப்பு செய்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். 5 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். 16 ஆண்டுக்கு 320 நாள். அவருடைய சம்பளத்துக்கு அது ஏறக்குறைய 25,000 வெள்ளி! அதோடு 8 வார முன்னறிவிப்பு, அல்லது அதற்கான பணம். இவ்வளவையும் 3,000 வெள்ளிக்கு விட்டுக்கொடுத்து வந்திருக்கிறார்.

தானாக விலகியவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. சொக்சோவின் வேலை இழப்புக் காப்புறுதியும் கிடையாது. வற்புறுத்தி எழுதி வாங்கினார்கள் என்று வாதாடலாம். ஆனால் 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ் 60 நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். அவர் வந்தது நான்காவது மாதத்தில்.

இந்த மனிதர் சோம்பேறியா? இல்லை. கோழையா? அதுவும் இல்லை. 43 வயதில் புதிய தொழில் கற்கத் துணிந்தவர். துணிச்சல் இருந்தது. அந்தத் துணிச்சலுக்கு வேண்டிய முதலைத்தான் பறிகொடுத்துவிட்டார்.

வேலை மாற்றம் நமக்குப் புதிதா?

"இந்த வயசுல என்ன புது வேலை?" என்று நம் வீடுகளில் கேட்கிறார்கள். நம் அப்பாவும் பாட்டியும் என்ன செய்தார்கள் என்பதை மறந்துவிட்டோமா?

1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் தமிழர்கள் பிழைப்பை இழந்து கப்பல் ஏறினார்கள். பிறகு நகரம் தோட்டத்தைத் தேடி வந்தது. இன்றைய சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்ட் தோட்டம். 1998 காமன்வெல்த் போட்டி நடந்த புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கமும் தோட்ட நிலத்தில் எழுந்ததுதான்.

தோட்டத்தில் மட்டுமா? 1986-இல் கிள்ளான் துறைமுகத்தின் கொள்கலன் முனையம் தனியார் கைக்குப் போனது. 1992-இல் ரயில்வே நிறுவனமயமானது. பிரிக்ஃபீல்ட்ஸில் நம்மவர்கள் வேலை பார்த்த ரயில்வே நிலத்தில் இன்று கே.எல். சென்ட்ரல் நிற்கிறது.

பால்மரம் வெட்டிய கை ஸ்டீரிங் பிடித்தது. களை எடுத்த கை தொழிற்சாலையில் கம்பி பொருத்தியது. ஐம்பது வயதில் பாதுகாவலர் உடுப்பை மாட்டியவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் "உங்களால் முடியுமா?" என்று யாரும் கேட்கவில்லை. லயத்தைக் காலி செய் என்றார்கள். போனார்கள், கற்றார்கள், பிழைத்தார்கள், நம்மையும் படிக்க வைத்தார்கள்.

ஆகவே வயது நமக்குத் தடையாக இருந்ததில்லை. வெறுங்கையோடு வெளியே அனுப்பப்பட்டதுதான் நம்மைப் பின்னுக்கு இழுத்தது.

கணக்குப் போட்டுத் துணிந்த வரலாறும் நமக்கு உண்டு. தோட்டத் துண்டாடலைக் கண்டு துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். கூலிக்கு மரம் வெட்டியவர் பங்குதாரர் ஆனார். அதுவும் ஆபத்தான முயற்சிதான். ஆனால் அளந்து, சேர்ந்து எடுத்த ஆபத்து.

என் கதையும் அதுதான்

நான் பிறந்தது காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 30 வயது வரை துறைமுகத்தில் கிராணி வேலை. அப்போதுதான் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைச் சட்டப் படிப்பில் சேர்ந்தேன். வேலை முடிந்து கிள்ளானில் கொமுட்டர் ஏறி, பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை வகுப்பு. வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

பட்டம் வாங்கினால் போதாது, சி.எல்.பி. தேர்வு இருக்கிறது. முதல் முறை தோற்றேன். "உனக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்று மாமா கேட்டார். இரண்டாம் முறை தேறினேன். அதன் பிறகு 9 மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி, அதுவும் சொற்ப உதவித்தொகையில். அப்போதுதான் கிராணி வேலையை விட்டேன். அதற்கு முன்பே 9 மாத வீட்டு வாடகையையும் கார் தவணையையும் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தோம். "போட்டு வைத்திருந்தோம்" என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் பெரும்பகுதி என் மனைவியின் ஓவர்டைம் பணம்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வென்றவர்களின் கதைகளை மேடையில் நிறையக் கேட்கிறோம். அப்படி எறிந்துவிட்டுத் தோற்றவர்களை எந்த மேடையும் அழைப்பதில்லை. அவர்கள் என் அலுவலகத்துக்குத்தான் வருகிறார்கள்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலாவது, கம்பெனி நீட்டும் எந்தத் தாளிலும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் அலுவலகத்தில் அல்லது தொழிற்சங்கத்தில் காட்டுங்கள்.

இரண்டாவது, வேலை போனால் 60 நாட்களுக்குள் சொக்சோவில் பதியுங்கள். 2018 முதல் இந்த வேலைக் காப்புறுதித் திட்டம் நடக்கிறது. உங்கள் சம்பளத்திலிருந்தும் இதற்குப் பிடிக்கிறார்கள். வேலை தேடும் காலத்தில், கட்டிய சந்தாவைப் பொறுத்து, அதிகபட்சம் 6 மாதம் வரை உதவித்தொகை கிடைக்கும். முதல் மாதம் அதிகம், பிறகு படிப்படியாகக் குறையும். புதிய தொழில் கற்கவும் உதவி உண்டு. ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கும், வி.எஸ்.எஸ். எடுத்தவருக்கும் இது உண்டு. தானாக விலகியவருக்கு இல்லை. மேலே சொன்ன ஓட்டுநர் இழந்தது இதையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, கைத்தொழிலைச் சான்றிதழாக மாற்றுங்கள். இருபது ஆண்டு வெல்டிங் செய்தவர், வயரிங் தெரிந்தவர், சமையல் தெரிந்த அக்கா, இவர்கள் வகுப்பில் முதலிலிருந்து உட்கார வேண்டியதில்லை. செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டி எஸ்.கே.எம். சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. பி.பி.தி. என்பது அதன் பெயர். திறன் மேம்பாட்டுத் துறையில் கேளுங்கள். மேற்படிப்புக்கும் வேலை அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் அபெல் முறை இருக்கிறது. எஸ்.பி.எம்.மில் தோற்றவன் என்ற முத்திரையைச் சாகும்வரை சுமக்க வேண்டாம்.

நான்காவது, சேமநிதியில் கை வைக்காதீர்கள். 2024 மே முதல் ஈ.பி.எஃப்.பில் நெகிழ்வுக் கணக்கு வந்துவிட்டது. அதில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். உடனே யாராவது ஒருவர் ஹோட்டலில் கூட்டம் போட்டு, "நீங்களே முதலாளி" என்பார். ஆள் சேர்த்தால்தான் வருமானம் என்றால் அது தொழில் அல்ல. எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

தொழிற்சாலையை விட்டு மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் செய்யப் போகும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கையில் வரும் பணம் அதிகமாகத் தெரியலாம். பெட்ரோலையும் டயரையும், முன்பு முதலாளி கட்டிய ஈ.பி.எஃப்.பையும் கழித்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் லாபம் என்றால் தாராளமாகப் போங்கள். சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ பாதுகாப்பில் பதிந்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, வீட்டில் பேசுங்கள். கணவன் மட்டும் முடிவெடுத்து, மனைவி பின்னால் தெரிந்துகொள்ளும் வேலை மாற்றம் பாதி தோற்ற மாற்றம். மனைவி மாற விரும்பினாலும் இதே பேச்சுதான். எத்தனை மாதம் தாங்கும், எந்தச் செலவை நிறுத்துவது, சரிவராவிட்டால் எந்தத் தேதியில் திரும்பி வருவது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய முதல் தாள் அதுதான்.

அந்த ஓட்டுநர் இப்போது ஒரு ஏர்கோன் குழுவில் உதவியாளராக இருக்கிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. வீட்டில் நகை அடகில் இருக்கிறது. கற்றுக்கொண்டுவிடுவார், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அந்த 25,000 வெள்ளி கையில் இருந்திருந்தால், அந்த நகை அடகுக் கடைக்குப் போயிருக்காது.

நம் பாட்டன்மார்கள் துரத்தப்பட்டு வேலை மாறினார்கள். நாம் மாறும்போது, நமக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாறுவோம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

அன்புடன்,
கிள்ளானிலிருந்து ஒரு வழக்கறிஞர்