மீசைக்கு உள்ளே இருப்பவன்

பெருங்குடிப் பள்ளியொன்றின் மாறுவேடப் போட்டியில், பாரதி மீசை வரையப்பட்ட மூன்று வயதுச் சிறுவன் கண்ணாடியைப் பார்த்து அலறினான். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. பூனைக்கு நாய் முகமூடி மாட்டியபோது அது நாயாகவே மாறிவிட்டதென மூன்று வயதினர் பலர் நம்பியதை ரீட்டா டிவ்ரீஸின் 1969ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இவனுக்கும் தான் தொலைந்துவிட்ட அச்சம்தான்.

இதற்கு மருந்து நம் தெருக்கூத்தில் உண்டு. ஒப்பனையின்போது சுற்றி அமரும் சிறுவர்கள், விடிந்ததும் துரியோதனன் அரிதாரம் கலைத்துத் தேநீர் அருந்துவதையும் பார்க்கிறார்கள். வேடம் ஏறுவதும் இறங்குவதும் அவர்கள் கண்முன்தான்.

போட்டிகளை நிறுத்தச் சொல்லவில்லை. மீசையைக் குழந்தையே கண்ணாடி முன் வரையட்டும், குழந்தையே அழிக்கட்டும். அழிந்தது மை மட்டுமே என்று அப்போது அவனுக்குப் புரியும்.