பேகன் போர்த்த போர்வை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மழைக்காலத்து மலைச்சாரலில் நின்று அகவிய மயிலைக் கண்டு, அது குளிரால் நடுங்குகின்றது என இரங்கித் தன் போர்வையை அதற்கு ஈந்தான் என்பது தமிழ் மாணவர் யாவரும் அறிந்த செய்தி. மயில் போர்வையை உடுக்குமா, போர்த்துக்கொள்ளுமா என்று அவன் ஆராயவில்லை. ஆராயாது கொடுத்த அச்செயலைச் சான்றோர் கொடைமடம் என்றனர். பேகனது மடமை யாருக்கும் தீங்கு செய்யவில்லை. மயிலும் கெடவில்லை, போர்வையும் அவனுடையதே. ஆதலின் அம்மடமையையும் புகழாகவே கொண்டாடினர். ஆனால், ஆராயாது காட்டும் இரக்கம் எக்காலத்தும் இவ்வாறு தீதின்றி முடியும் என்று கருதுதல் தவறு. இக்காலத்து இளைஞர் பலர் கடல் கடந்து சென்று விலங்குகளுக்குத் தொண்டு புரிய விழைவதை நோக்கும்போது, இவ்வுண்மையை வற்புறுத்துதல் நம் கடமை எனத் தோன்றுகின்றது.

நம் கல்லூரியின் பழைய மாணவர்கள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் குடியேறி வாழ்கின்றனர். அவர்தம் மக்கள் பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் புகுமுன், சில மாதங்களை ஒதுக்கி, ஆபிரிக்காவுக்கோ தாய்லாந்துக்கோ நம் இலங்கைக்கோ சென்று, சிங்கக்குட்டிகளையும் யானைகளையும் கடலாமைகளையும் பேணும் பணியில் ஈடுபடுகின்றனர். இதற்கென அவர்கள் ஊதியம் பெறுவதில்லை. தாமே பெருந்தொகை செலுத்திச் செல்கின்றனர். இதனைக் கேள்வியுறும் நம் முதியோரிற் சிலர், "மனிதர் பட்டினி கிடக்கையில் மிருகத்துக்குத் தொண்டு செய்யப் பிறதேசம் போகின்றார்களாம்" என்று எள்ளி நகையாடுவர். வேறு சிலரோ, பிள்ளை சிங்கக்குட்டியை மடியில் வைத்திருக்கும் புகைப்படத்தை உறவினர்க்கெல்லாம் காட்டிப் பெருமிதம் அடைவர். இவ்விரு சாராரும் செய்தியின் ஒரு புறத்தையே கண்டவர் என்பது நம் கருத்து.

முதலில் எள்ளுவாருக்கு விடை கூறுவோம். அன்பு என்பது மூடையில் அளந்து வைத்த நெல் அன்று. ஒருவனுக்கு ஒரு கொத்து அளந்தால் மற்றவனுக்கு ஒரு கொத்துக் குறையும் என்று அஞ்சுவதற்கு. கன்றின் வாயில்லாத் துயரை உணரப் பழகிய உள்ளம், அயல்வீட்டுக் குழந்தையின் பசியையும் விரைந்து உணரும். சீவகாருணியத்தைச் சமயத்தின் அடிப்படையெனக் கற்பிக்கும் கல்லூரியில் பயின்ற நாம், விலங்குகளுக்கு இரங்கும் இளைஞனைப் பழித்தல் தகாது.

இனிப் பெருமிதம் அடைவோருக்குச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. தென்னாபிரிக்காவிற் சிங்கங்களை வேலியிட்ட பண்ணைகளில் வளர்த்துப் பெருக்கும் தொழில் நெடுங்காலம் நடந்து வந்துள்ளது. அந்நாட்டின் காடுகளில் வாழும் சிங்கங்களினும் பண்ணைகளில் அடைபட்டவை தொகையில் மிக்கன. இப்பண்ணைகள் பலவற்றில், குட்டி பிறந்த சில நாட்களிலேயே தாயிடமிருந்து அதனைப் பிரித்துவிடுவர். அவ்வாறு பிரித்தாற்றான் தாய் விரைவில் மீண்டும் கருவுறும். காட்டில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஈனும் பெண்சிங்கம், பண்ணையில் அடுத்தடுத்து ஈனும் இயந்திரமாகின்றது. பிரிக்கப்பட்ட குட்டியை "தாயற்ற அநாதை" என்று கூறி, வெளிநாட்டிலிருந்து வரும் இளைஞர் கையிற் பாற்போத்தலைக் கொடுப்பர். அவர்களும் கண்ணீர் மல்க ஊட்டுவர். குட்டி வளர்ந்து, மடியில் வைக்க இயலாத பருவம் எய்தியதும், பணம் கொடுத்து வேட்டையாட வருவோன் முன், தப்பியோட வழியில்லாத வேலிக்குள் அது நிறுத்தப்படுவதுண்டு. அதன் எலும்புகள் கீழைத்தேசங்களுக்கு மருந்துச் சரக்காக ஏற்றுமதியாயின. மனிதன் கையாற் பாலுண்டு வளர்ந்த சிங்கம் மனிதனைக் கண்டு அஞ்சாது; ஆதலின் அது காட்டுக்குத் திரும்புதல் பெரும்பாலும் இயலாத காரியம். இக்கொடுமை 2015 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆவணத் திரைப்படத்தால் உலகறியலாயிற்று. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டு அரசாங்கம், உயர்மட்டக் குழுவொன்றின் பரிந்துரையை ஏற்று, இத்தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. எனினும் வேரூன்றிய வாணிகத்தை ஓர் அறிவித்தலாற் பெயர்த்துவிடல் எளிதன்று.

பாற்போத்தலைப் பிடித்த அவ்விளைஞரின் நெஞ்சில் வஞ்சகம் இருந்ததா? இல்லை. அவர்கள் பேகனைப் போன்றே தூய நெஞ்சினர். ஆனால், அவர்கள் செலுத்திய பணமே அப்பண்ணையின் முதலாயிற்று. அவர்களது இரக்கமே வேட்டைக்குரிய விலங்கைக் கூலியின்றி வளர்த்துக் கொடுத்தது. ஆராயாத இரக்கம் கொடுமைக்குக் கூட்டாளியாகும் விதம் இதுவே.

வெகுதூரம் செல்லவேண்டா, நம் இலங்கையிலேயே இருவகைக்கும் சான்று உண்டு. உடவளவையில் வனசீவராசிகள் திணைக்களம் 1995 ஆம் ஆண்டில் யானைக்கன்றுகளுக்கு ஓர் இடைத்தங்கல் நிலையம் நிறுவிற்று. தாயை இழந்த கன்றுகளுக்கு அங்கே மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாலூட்டுவர். காண வருவோர் தூரத்தே கட்டப்பட்ட மேடையில் நின்றே காணலாம். தொடவோ குளிப்பாட்டவோ முடியாது. ஏன் இத்துணைக் கண்டிப்பு? ஏறக்குறைய ஐந்து வயதில் அக்கன்றுகள் காட்டுக்குத் திரும்பவேண்டியவை. மனிதனோடு பழகிய யானை வயலையும் வீட்டையும் நாடிவந்து, தானும் மடிந்து பிறரையும் மடிவிக்கும். இவ்வாறு வளர்க்கப்பெற்ற நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் காடு சேர்ந்துள்ளன. தொடாது விட்டதே அங்குச் செய்த தொண்டு.

தென்மேற்குக் கரையோரத்துக் கடலாமைக் குஞ்சு பொரிப்பகங்களை இதனோடு ஒப்பிடுக. முட்டைகளைக் கள்வரிடமிருந்து காப்பது நற்பணியே. ஆனால், பொரித்த குஞ்சு மணலைக் கிழித்து வெளிவந்ததும், உடலில் எஞ்சிய கருவூணின் வலிமையால் ஓயாது நீந்தி, ஆபத்து மிகுந்த கரையோரத்தைக் கடந்து ஆழ்கடலை அடையவேண்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு. அக்குஞ்சைத் தொட்டியில் நாட்கணக்காக வைத்து, வருவோர் கையிலெடுத்துப் படம் பிடிக்க விட்டால், அவ்வலிமை தொட்டிச் சுவரோடு மோதியே தீர்ந்துவிடுகின்றது. பின்பு அதனைக் கடலில் விடுவது விடுதலையாகுமா? மாறாக, றெக்காவைக் கடற்கரையில், முன்னர் முட்டை எடுத்து விற்றுப் பிழைத்தவர்களையே கூலிக்கு அமர்த்தி, கூடுகளை இட்ட இடத்திலேயே காவல் செய்வித்தனர். அம்முறையில் ஆமையும் பிழைத்தது. கரையோர மக்களும் பிழைத்தனர்.

இவ்வளவும் கூறியதால் நாம் பிறநாட்டுத் தொண்டையே வெறுக்கின்றோம் என எவரும் கொள்ளற்க. மெய்யான தொண்டு எத்தகையது என்பதற்கும் தென்னாபிரிக்காவே சான்று தருகின்றது. 2000 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள், கேப் ரவுன் நகருக்கு அணித்தாக றொபென் தீவுக்கும் டாசன் தீவுக்கும் இடையே ஒரு கப்பல் மூழ்கிற்று. அதிலிருந்து கசிந்த எண்ணெய் ஏறக்குறைய 19,000 பென்குயின் பறவைகள் மேற் படிந்தது. எண்ணெய் படிந்த இறகு குளிரைத் தடுக்காது. பறவை விறைத்து இறக்கும். உள்ளூர் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். பிறநாடுகளிலிருந்து பயிற்சி பெற்றோர் வந்து அவர்களை நெறிப்படுத்தினர். ஒவ்வொரு பறவையையும் பிடித்துக் கழுவி, வாயிலே மீனைத் திணித்து, கூட்டைச் சுத்தஞ் செய்யவேண்டும். பென்குயினின் அலகோ கூரியது. தொண்டர் கைகளெல்லாம் புண்ணாயின. மடியில் வைத்துக் கொஞ்சுதற்கு அங்கே இடமில்லை. எண்ணெய் படியாத இன்னும் 19,500 பறவைகளைப் பிடித்து, ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தொலைவில், அந்நாளிற் போட் எலிசபெத் என வழங்கிய நகரருகே கொண்டுசென்று கடலில் விட்டனர். அவை இரண்டு மூன்று கிழமைகளாக நீந்தித் தம் தீவுகளை அடைவதற்குள் கடல் துப்புரவாக்கப்பட்டது. எண்ணெய் படிந்தவற்றுள்ளும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டவை பிழைத்துக் கடல் சேர்ந்தன. அறிவும் அன்பும் கைகோத்தால் என்ன நிகழும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆயினும் கதை அங்கே முடிந்துவிடவில்லை. அதே பென்குயின் இனம் 2024 ஆம் ஆண்டில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனமென அறிவிக்கப்பட்டது. இனப்பெருக்கம் செய்யும் சோடிகள் 10,000 இலும் குறைந்துவிட்டன. எண்ணெயிலிருந்து தப்பியவற்றைப் பசி பிடித்துக்கொண்டது. அவை உண்ணும் மத்தி, நெத்தலி இனமீன்கள் அருகின. 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சூழ்ந்த கடலில் இம்மீன்களுக்கு வலைவீசுதலைப் பத்தாண்டுகளுக்குத் தடுத்து நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. கழுவிய கைகள் செய்யமுடியாததை வழக்கும் ஆய்வும் செய்யவேண்டியதாயிற்று. ஆதலின் விலங்குகள்பால் உண்மையன்பு கொண்ட இளைஞன், கூட்டைக் கழுவுவதோடு அமையாது, சட்டமும் மருத்துவமும் உயிரியலும் கற்கவும் துணியவேண்டும்.

எனவே, பிள்ளையை அனுப்ப எண்ணும் பெற்றோர் பணம் கட்டுமுன் நான்கு வினாக்களைக் கேட்டறிதல் நன்று. இந்த விலங்கு இங்கு எவ்வாறு வந்தது? இது வளர்ந்தபின் எங்கே போகும்? என் பிள்ளை செய்யும் வேலையால் உள்ளூர்த் தொழிலாளி ஒருவனின் கூலி பறிபோகின்றதா? வருவோர் விலங்கைத் தொடவும் கொஞ்சவும் விடப்படுகின்றனரா? முதலிரண்டுக்குத் தெளிந்த விடை கிடையாவிடினும், பின்னிரண்டில் ஒன்றற்கேனும் "ஆம்" என்ற விடை வரினும், அவ்விடத்தை விலக்குக. சாணம் அள்ளவும் குறிப்பெழுதவும் தூரத்தே நின்று எண்ணவும் பணிக்கும் இடம் எதுவோ, அதுவே பெரும்பாலும் நல்லிடம்.

பேகன் கதையில் மற்றொரு பகுதியும் உண்டு; பாடநூல்களில் அது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மயிலுக்கு இரங்கிய அவ்வள்ளல், தன் மனையாள் கண்ணகியைப் பிரிந்து, அவள் வருந்தி நிற்கப் புறத்தே ஒழுகினான். கபிலரும் பரணரும் உள்ளிட்ட புலவர்கள் அவனிடம் சென்று, "எமக்குப் பரிசில் வேண்டா, நின் இல்லத்தாளுக்கு அருள்க" என்னும் கருத்துப்படப் பாடினர். சேய்மையில் உள்ளதற்கு இரங்குவோன் அண்மையில் உள்ளதை மறத்தல் கூடும் என்பதை அப்பெருமக்கள் அறிந்திருந்தனர்.

நம் அண்மையில் உள்ளவை எவை? நெடுந்தீவின் குதிரைகள் கடும் வரட்சியில் நீரின்றி மடிகின்றன. நம் தெருக்களில் கட்டாக்காலி மாடுகள் குப்பையோடு பொலித்தீனையும் விழுங்குகின்றன. தெருநாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றுவதற்குப் பிடித்துக் கொடுக்கும் கைகள் வேண்டும். சுண்டிக்குளம் 1938 ஆம் ஆண்டில் பறவைகளின் சரணாலயமாகவும், 2015 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆண்டுதோறும் அங்கு வந்திறங்கும் பறவைகளைப் பெயர் சொல்லி அறியும் மாணவர் நம்மிடையே எத்தனை பேர்?

யூபிலிக் கொண்டாட்டத்தின் நினைவாக மண்டபமும் மதிலும் எழுப்ப எண்ணும் நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். 1987 ஆம் ஆண்டு தொடக்கம் ஆசிய நாடுகளிற் சனவரிதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகின்றது. இதற்குப் பெருஞ்செலவு இல்லை; ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு, விடியுமுன் எழும் வழக்கம் ஆகியவை போதும். வெளிநாடுகளில் வாழும் நம்மவரின் பிள்ளைகளை அப்பருவத்தில் இங்கு வரவழைத்து, கல்லூரியில் இன்று பயிலும் மாணவரோடு கூட்டி, வல்லுநர் வழிகாட்டக் களப்புகளின் கரையில் நிறுத்துவோம். அவர்கள் பறவையைத் தொடமாட்டார்கள். தூரத்தே நின்று எண்ணி எழுதுவார்கள். ஒருவர் மற்றவரின் மொழியையும் வாழ்வையும் கற்பார்கள். அதன்பின் ஆபிரிக்காவுக்குச் செல்ல விரும்புவோர் செல்லட்டும். எதைக் கேட்கவேண்டும், எங்கே கைவைக்கலாகாது என்பதை அறிந்தவராய் அவர்கள் செல்வார்கள்.