கோணியில் வந்த பூனை

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுப் பூனை பால் பாத்திரத்தை உருட்டத் தொடங்கிவிட்டால், அல்லது ஒரே ஈற்றில் நாலைந்து குட்டிகள் போட்டுவிட்டால், அதைக் கோணிப்பைக்குள் தள்ளி, வாயைக் கட்டி, ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். குறுக்கே ஆறு இருந்தால் திரும்பி வராது என்பது கணக்கு. அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடி கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. தென்கரைக்காரர்களுக்கு நாங்கள் அக்கரை. எங்களுக்கு அவர்கள் அக்கரை. இரு கரையாரும் தங்கள் தொல்லையை அடுத்தவருக்கு அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பூனையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

மாணவ நண்பர்களே, இது சட்டப்படி குற்றம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. அந்தச் சட்டத்துக்கு வழி திறந்தவர் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது 1953-ல் அவர் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பரதநாட்டியம் என்றதும் நினைவுக்கு வரும் அவரை, தெருப் பூனையைப் பார்க்கும்போதும் நினைத்துக்கொள்ளலாம்.

சட்டம் இருக்கட்டும். உங்களில் பலர் இரக்கமுள்ளவர்கள். மழையில் நனைந்து கத்தும் பூனை ஒன்றைக் கண்டால் சட்டைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவீர்கள். அது அரை மணி நேர வேலை. அதற்குப் பின் வருவது ஒரு மாத வேலை. அந்த ஒரு மாதத்தைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்வதில்லை என்பதே என் குறை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால் ஒரு பூனையை இழந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்யும் கல்லூரியின் சைக்கிள் கொட்டகையில் ஒரு குட்டி கிடந்தது. மூன்று மாதம் இருக்கும். அட்டைப் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் சுமந்து, திருமழபாடியில் அம்மா இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கூடத்தின் நடுவில் பெட்டியைத் திறந்தேன். வீட்டார் அனைவரும் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் பால் கிண்ணத்தை நீட்ட, ஒருவர் தடவிக்கொடுக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்ட, அது ஒரே பாய்ச்சலில் கொல்லைக் கதவைத் தாண்டிக் கரும்புத் தோட்டத்துக்குள் போய்விட்டது. மூன்று நாள் தேடினோம். கிடைக்கவில்லை. “நன்றி கெட்ட ஜந்து” என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். அது தவறு. குற்றம் முழுக்க என்னுடையது.

அந்தக் கூடத்தைப் பூனையின் இடத்திலிருந்து பாருங்கள். நம் காது வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். பூனையின் காதோ 60,000 அதிர்வுகளுக்கு மேலும் கேட்கும். நமக்கு அமைதியான வீடு அதற்கு அமைதியான வீடு அல்ல. மிக்ஸியும் குக்கர் விசிலும் நாம் அறியாத ஓசைகளையும் சேர்த்து அதன் காதில் கொட்டுகின்றன. மேலும், வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்காசியப் பகுதியின் காட்டுப் பூனைகள். ஓநாய்களைப் போல அவை கூட்டமாக வேட்டையாடியவை அல்ல, தனித்து வாழ்ந்தவை. களஞ்சியங்களில் எலி மிகுந்தபோது மனிதனருகே வந்து சேர்ந்தன. சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைக் கண்டு 2004-ல் அறிவித்தார்கள். இத்தனை ஆயிரம் ஆண்டு உறவுக்குப் பின்னும் பூனை முதலில் நம்புவது இடத்தை; ஆள் இரண்டாவது. தன் மணம் படிந்த மூலைகள், ஓடி ஒளியும் வழிகள், ஏறி உட்காரும் உயரங்கள் இவையெல்லாம் அதற்கு ஒரு வரைபடம். இடம் மாறியதும் அந்த வரைபடம் கிழிந்துபோகிறது. அந்த நேரத்தில் நாம் போய்க் கொஞ்சினால் அதற்கு அது அன்பாகத் தெரியாது. பெரிய விலங்கு ஒன்று குனிந்து பிடிக்க வருவதாகவே தெரியும்.

இரண்டாவது பூனை தானே வந்தது. எங்கள் ஊரில் பங்குனிப் புனர்பூசத்தன்று நந்தி திருக்கல்யாணம் நடக்கும். கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மறுநாள், ஆற்றங்கரையில் அவிழ்ந்து கிடந்த கோணிப்பையின் பக்கத்தில் ஒரு பெட்டைப் பூனை ஒடுங்கிக் கிடந்தது. வளர்ந்த பூனை. இடது காது கிழிந்திருந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதற்குக் ‘கோணி’ என்று பெயரிட்டாள். ஒரு துண்டைப் போர்த்தி, அதே கோணியில் எடுத்து வந்தோம்.

இந்த முறை கூடத்தில் விடவில்லை. முன்பு நெல் வைத்திருந்த சிறிய அறையைக் கொடுத்தோம். ஒரு பக்கம் கவிழ்த்த அட்டைப் பெட்டி, அதில் நுழைய ஒரு வாசல். எதிர் மூலையில் தண்ணீரும் உணவும். இன்னொரு மூலையில் பழைய தட்டு நிறைய மணல். (ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்து மேடையில் பேசியிருக்கிறேன், பூனைக்காக ஒரு தட்டு எடுத்ததை ஒப்புக்கொள்கிறேன்.) அட்டைப் பெட்டியை அற்பமாக எண்ணாதீர்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளியும் பெட்டி கொடுத்தும், சிலவற்றுக்குக் கொடுக்காமலும் கவனித்து 2014-ல் எழுதினார்கள். பெட்டி கிடைத்தவை விரைவாக அமைதியடைந்தன. ஒளிய இடம் உள்ளதுதான் வெளியே வரத் துணிகிறது.

ஒளிய இடமில்லாத கூண்டில் வாரக்கணக்கில் கிடப்பது எப்படி இருக்கும்? 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த சரக்குப் பெட்டகம் ஒன்றில் ஒரு பூனை இருந்தது. கொரோனா அச்சத்தில் அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள், விலங்கு ஆர்வலர்கள் எதிர்த்தார்கள், ஏப்ரலில்தான் விடுதலை. கடல் கடந்து வந்ததைவிட அந்தக் காத்திருப்பு அதற்குக் கடினமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

என் மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். நெல் அறையின் தளம் சதுரக் கற்களால் ஆனது. ஒரு கல் ஏறக்குறைய ஓர் அடி. நாள்தோறும் மாலை 6 மணிக்கு அவள் உணவை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து படிப்பாள். பூனையைப் பார்க்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. தனக்கும் அதற்கும் இடையே எத்தனை கல் என்று மட்டும் குறிக்க வேண்டும். முதல் நான்கு நாள் 9 கல். அதாவது பெட்டியை விட்டு அது வரவேயில்லை. இரவில்தான் தின்றது. ஐந்தாம் நாள் 7. ஏழாம் நாள் 6. எட்டாம் நாள் தெருவில் யாரோ வெடி வெடிக்க, மீண்டும் 9. அன்று அவள் அழுதாள். பன்னிரண்டாம் நாள் 4. இருபதாம் நாள் 1. இருபத்து மூன்றாம் நாள் அது அவள் முழங்காலில் தன் தலையை உரசிவிட்டுப் போனது.

இந்த எண்களை வரைபடத் தாளில் குறித்துப் பாருங்கள். நேர்கோடு வராது. இறங்கி, திடீரென ஏறி, மறுபடி இறங்கும். ஏறிய இடத்தில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். “இது பழகாத பூனை” என்று முடிவு கட்டி, மறுபடியும் கோணியைத் தேடுகிறார்கள். கொள்ளிடத்தில் புதுவெள்ளம் வரும்போது ஒரு குடம் நீர் எடுத்து வைத்துப் பாருங்கள். செம்மண் நிறமாக இருக்கும். தெளிந்துவிட்டதா என்று நொடிக்கொரு தரம் கையை விட்டுப் பார்த்தால் அது எப்போது தெளியும்? பாட்டிமார் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசுவார்கள். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால் படியாமல் நிற்கின்றன. கொட்டையிலிருந்து கரையும் பொருள் அவற்றைச் சேர்த்துக் கட்டியாக்க, அடியில் படிகின்றன. அதன் பிறகும் குடத்தை அசைக்காமல் இருக்க வேண்டும். பூனை விஷயத்தில் நேரந்தவறாத உணவுதான் தேற்றாங்கொட்டை என்பேன். ஒரே நேரம், ஒரே கிண்ணம், ஒரே குரல்.

தெனாலிராமன் வளர்த்த பூனையின் கதையை நீங்கள் அறிவீர்கள். கொதிக்கும் பாலை முதல் நாளே வைத்தான். பிறகு பாலைக் கண்டாலே அது ஓடியது. சிரிப்பதற்காகச் சொல்லப்பட்ட கதையில் ஓர் உண்மை இருக்கிறது. ஒரே ஒரு கெட்ட அனுபவத்தைப் பூனை நெடுநாள் மறப்பதில்லை. கழுத்தைப் பிடித்துப் பெட்டியிலிருந்து ஒருமுறை இழுத்தீர்களானால், பத்து நாள் சேர்த்த நம்பிக்கை போய்விடும். இன்னொன்று: பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்று கேலி பேசுகிறோமே, அந்தக் கண்மூடலுக்கு வேறு பொருள் உண்டு. உங்களைப் பார்த்தபடி மெல்லக் கண்ணை மூடித் திறந்தால் அது அச்சமில்லாமல் இருக்கிறது. நீங்களும் அப்படியே மெல்லக் கண்ணை மூடித் திறந்தால், அது உங்கள் கையருகே வரும் வாய்ப்பு அதிகம் என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் கண்டார்கள். முறைத்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

உணவில் நாம் செய்யும் தவறுகள் பல. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு உண்டாகும். தயிர்ச்சோறு மட்டுமே போட்டு வளர்க்கும் வீடுகள் நம்மிடம் உண்டு. பூனைக்கு டாரின் என்னும் சத்து வேண்டும். அதைத் தன் உடலில் போதுமான அளவு அதனால் ஆக்கிக்கொள்ள முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை பழுதாகிறது என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 1987-ல் நிறுவினார்கள். உப்பில்லாமல் வேகவைத்த மீனோ முட்டையோ கொடுக்க உங்கள் வீட்டில் ஒப்புவார்களா என்று முதலில் கேளுங்கள். ஒப்பாத வீடானால் பூனை வேண்டாம். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும், வரட்டும். அதுபோல, தரை துடைக்கும் பினாயிலும், நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமாலும் பூனைக்கு விஷம். நம் கல்லீரல் முறித்து வெளியேற்றும் அந்தப் பொருள்களை அதன் கல்லீரலால் முறிக்க இயலாது.

இனிச் சொல்வதை மறக்காமல் கேளுங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, அது குட்டியாக இருந்தாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸ் பூனையாலும் வரும். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது. காலத்தில் தடுப்பூசி போட்டால் வராமல் தடுத்துவிடலாம். வீட்டில் திட்டுவார்களே என்று மறைப்பதுதான் பெரிய ஆபத்து. பூனையைத் தூக்கி வரும் துணிவு உள்ளவனுக்குக் கீறலைக் காட்டும் துணிவும் வேண்டும்.

சிறு குட்டிகளைக் கண்டால் உடனே தூக்காதீர்கள் என்றும் வேண்டிக்கொள்கிறேன். தாய் இரை தேடப் போயிருக்கலாம். விலகி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். தாயிடமிருந்து பிரித்து எடுத்து வந்துவிட்டுக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோணியை, ஆளைக் கண்டு ஓடாத அளவுக்கு வந்த பிறகு, கூடையில் வைத்து அரசு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். தடுப்பூசி போட்டார். கருத்தடை அறுவையும் செய்தாயிற்று. அம்மாவுக்கு அதில் மனமில்லை. “வாயில்லா ஜீவனுக்கு எதுக்குப்பா இந்தக் கொடுமை?” என்றார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பெட்டை ஐந்தாறு மாதத்திலேயே பருவமடைந்துவிடும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆண்டுக்கு வந்ததும் அம்மா, “போதும், எத்தனை கோணிப்பைக்கு நான் எங்கே போவேன்!” என்றார். பூனைகளை அக்கரைக்கு அனுப்பும் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்பது அவருக்கு அந்தக் கணக்கில் தெரிந்துவிட்டது. ஊரில் மற்றவர்களுக்கும் சொல்லிவருகிறார்.

கோணி இன்றுவரை யார் மடியிலும் ஏறியதில்லை. மேளச்சத்தம் கேட்டால் நெல் அறைப் பெட்டிக்குள் போய்விடும். பெட்டி நைந்துவிட்டது, அம்மா வேறு பெட்டி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் புதிதாக ஒரு பூனை வந்திருந்தால், நாளையும் தூரத்தையும் குறித்து வையுங்கள். எந்த நாளில் கோடு மேலே ஏறியது, அன்று வீட்டில் என்ன நடந்தது என்றும் பக்கத்தில் எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்புங்கள். என் மகள் தன் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆவலாக இருக்கிறாள்.