மெட்ரோவுக்குப் போன பார்க் திரும்பி வர எத்தனை வருஷம்? ஷெனாய் நகர் சொல்லும் கணக்கு

தி.நகர் பனகல் பூங்காவில் மெட்ரோ சுரங்க நிலையம் வருகிறது. கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி வரையிலான 26.1 கி.மீ. தடத்தில் இதுவும் ஒரு ஸ்டாப். ரயில் எப்போ ஓடும் என்பது பயணிகளின் கேள்வி. அங்கே தினமும் வாக்கிங் போனவர்கள் கேட்பது வேறு: பார்க் எப்போ முழுசா திரும்பக் கிடைக்கும்?

இதற்கான விடையை ஷெனாய் நகரில் தேடலாம்.

12 வருஷம் பூட்டிய கேட்

ஷெனாய் நகரில் இருக்கும் திரு.வி.க. பூங்காவின் பரப்பு சுமார் 8.8 ஏக்கர். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது முன்னால் நின்றவர்களில் ஒருவரான திரு.வி.கல்யாணசுந்தரத்தின் பெயர் அதற்கு. பெரிய மரங்கள், நல்ல நிழல், சுற்றிலும் குடியிருப்புகள் என்று அந்த ஏரியாவுக்கே அதுதான் மூச்சு. முதல் கட்ட மெட்ரோ பணிக்காக 2011-ல் பூங்கா மூடப்பட்டது. நூற்றுக்கணக்கான மரங்கள் போயின.

ஷெனாய் நகர் மெட்ரோ நிலையம் 2017 மே 14 அன்று திறக்கப்பட்டது. பூங்கா? 2023 ஏப்ரலில்தான். அதாவது, கீழே ரயில் ஓட ஆரம்பித்த பிறகும் மேலே கேட் திறக்க கிட்டத்தட்ட 6 வருஷம் ஆச்சு. பூங்கா மூடியபோது 5 வயதில் இருந்த குழந்தை, திறக்கும்போது பிளஸ் ஒன் முடித்திருக்கும்.

ஏன் பார்க்கையே தோண்டுகிறார்கள்?

இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள சுரங்கத்தை இயந்திரம் பூமிக்கடியிலேயே குடைந்துவிடும். நிலையம் அப்படி இல்லை. மேலிருந்து பெரிய பள்ளம் தோண்டி, கட்டி, கூரை போட்டு மூட வேண்டும். நெருக்கமான ஊரில் அதற்கு வீடுகளை இடிக்கணும், இல்லையென்றால் காலி இடம் வேணும். அரசிடம் இருக்கும் காலி இடம் பெரும்பாலும் பூங்காதான்.

திரும்பி வந்தது அதே பார்க்கா?

வசதிகளில் குறை சொல்ல முடியாது. சுமார் 18 கோடி ரூபாயில் நடைபாதை, பேட்மின்டன், கூடைப்பந்து மைதானங்கள், ஸ்கேட்டிங் தளம், கிரிக்கெட் வலைப்பயிற்சி, சிறுவர் விளையாட்டுப் பகுதி எல்லாம் வந்தன. முன்பு இருந்ததைவிட இளைஞர்களுக்கு இப்போது அங்கே வேலை அதிகம்.

திரும்பாதது நிழல். நிலையத்தின் கூரை என்பது கான்கிரீட் தளம். அதன்மேல் கொட்டும் மண்ணுக்கு ஓர் அளவு உண்டு. ஆழமாக வேர் விடும் அரசமரமோ தூங்குமூஞ்சி மரமோ அங்கே பழையபடி வளராது. புல்தரை, செடிகள், சின்ன மரங்கள்தான் சாத்தியம். போதாக்குறைக்கு நிலைய வாசல்களும் காற்றுப் போக்கிக் கட்டடங்களும் நிரந்தரமாக இடம் பிடித்துக்கொள்ளும். காலை 6 மணிக்கு இது பெரிதாகத் தெரியாது. மே மாத 11 மணி வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்தால் தெரியும்.

பனகல் பூங்காவில் என்ன கவனிக்க வேண்டும்?

1920-களில் ஒரு பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகர் உருவானது. அப்போதைய முதலமைச்சர் பனகல் அரசர் பெயரில் வந்த பூங்கா, கடைகளுக்கு நடுவே மிஞ்சிய பச்சை. அங்கே நிலையத்துக்குத் தேதி அறிவிக்கும்போது, பூங்காவுக்கும் தனியாக ஒரு தேதி சொல்கிறார்களா, கூரைக்கு வெளியே பெரிய மரம் வைக்க எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்ற இரண்டையும் கேட்டு வாங்குவது நல்லது. ஷெனாய் நகரில் 6 வருஷம் போனது முதல் விஷயத்தில்தான்.