காசு கொடுத்து வாங்கிய பீட்சா விளம்பரம்: 'யோ! நாய்ட்' கேம் சொல்லும் பாடம் என்ன?

விளம்பரம் வந்தாலே 'ஸ்கிப்' பட்டனைத் தேடுற தலைமுறை நாம. ஆனா 1990-ல் அமெரிக்கச் சிறுவர்கள் ஒரு விளம்பரத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, வீட்டு டி.வி-யில் விளையாடினாங்க. அதன் பெயர் 'யோ! நாய்ட்'.

யார் இந்த நாய்ட்?

சிவப்பு உடை, முயல் காது. டோமினோஸ் பீட்சாவுக்காக 1986-ல் அறிமுகமான களிமண் அனிமேஷன் வில்லன். பீட்சா 30 நிமிடத்தில் சூடாக வீடு சேராமல் கெடுப்பதுதான் அவன் வேலை.

கேமில் என்ன இருந்தது?

நின்டெண்டோவின் என்.இ.எஸ் கருவிக்காக கேப்காம் வெளியிட்ட பிளாட்ஃபார்ம் கேம் இது. விளம்பரத்தில் வில்லனாக வந்தவன், இங்கே ஹீரோ. யோ-யோவை வீசி எதிரிகளை அடித்தபடி தாவித் தாவிப் போகணும். எதிரி ஒருமுறை மோதினாலே உயிர் போச்சு. சில கட்டங்களின் முடிவில் சண்டைக்குப் பதில் பீட்சா சாப்பிடும் போட்டி. எண் போட்ட கார்டுகளை இருவரும் இறக்க, பெரிய எண் வைத்தவருக்கே பீட்சா.

ட்விஸ்ட் எங்கே?

இது நாய்டுக்காக உருவான கேமே இல்லை! அதே ஆண்டு ஜப்பானில் வெளியான 'கமென் நோ நிஞ்சா ஹனமாரு' என்ற கேமை எடுத்து, ஆளை மாற்றி, கட்டங்களையும் கொஞ்சம் மாற்றி அமெரிக்காவில் விற்றார்கள். முகமூடி நிஞ்சா சிறுவன் இருந்த இடத்தில் நாய்ட். அவன் ஏவிய பருந்து, யோ-யோ ஆனது.

இன்னைக்கு ஏன் இதைப் பேசணும்?

ஹனமாருவை உருவாக்கியவர்களின் உழைப்பு, ஒரு பீட்சா பிராண்டின் முகத்துக்குப் பின்னால் மறைந்துபோனது. அது ஒரு நஷ்டம். ஆனாலும் அந்த கேமில் ஒரு நேர்மை இருந்தது. அட்டைப் பெட்டியிலேயே நாய்ட் நின்றான். எதை வாங்குகிறோம் என்பது பெற்றோருக்குத் தெரிந்தது. ஒருமுறை காசு கொடுத்தால் கணக்கு முடிந்தது.

இப்போ அப்படியா? ஆப்பைத் திறந்தால் சக்கரம் சுத்துது, பாயின்ட் ஏறுது, கூப்பன் திறக்குது. கேம் இலவசம்தான். பதிலுக்கு அது கேட்பது நம் நேரத்தை, கவனத்தை, பல நேரங்களில் நம் தகவல்களையும். நாய்டும் சும்மா இல்லை. 2021-ல் 'கிராஷ் பேண்டிகூட்: ஆன் தி ரன்' மொபைல் கேமுக்குள் மறுபடி வந்தான்.

இன்ஃப்ளூயன்சர்கள் காசு வாங்கிப் போடும் பதிவில் 'விளம்பரம்' என்று குறிப்பிட வேண்டும் என 2021-லேயே இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் வழிகாட்டுதல் கொடுத்தது. பிராண்டுகள் தரும் கேம்களின் முதல் திரையிலும் அதே சொல் பளிச்சென்று தெரியணும். பெரியவங்க நாம எப்படியோ கண்டுபிடிச்சிடுவோம். எட்டு வயசுக் குழந்தைக்கு அது வெறும் விளையாட்டு மட்டும்தான்.