விதியின் தலையில் ஏற்றும் பழி

வைத்தியசாலையில் ஒருவர் இறக்கும்போது அவ்விறப்புக்கு இருவகைக் காரணங்கள் இருத்தல் கூடும். ஒன்று நோய்; மற்றது நோயைத் தீர்க்கவெனச் செய்த காரியத்தில் நேர்ந்த பிழை. முன்னதை எல்லா வேளையிலும் வெல்ல மருத்துவத்தால் இயலாது. பின்னதோ மனிதரால் நேர்வது. ஆதலின் மனிதரால் தடுக்கப்படக்கூடியது. இவ்விரண்டையும் பிரித்தறியாது, 'இறைவன் நாட்டம்' என்ற ஒரே சொல்லால் விசாரணையை முடித்துவிடும் வழக்கம் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் நமது கரையோர ஊர்களில் வேரூன்றியுள்ளது. இவ்வழக்கம் பக்தியன்று, பொறுப்பைத் தட்டிக்கழித்தலேயாம்.

இது வீணான அச்சமன்று. 2022 டிசம்பரில் கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில், பழுதுற்ற ஒரு சிறுநீரகத்தை அகற்றவென நடைபெற்ற சத்திரசிகிச்சையில், மூன்று வயதுப் பாலகனின் இரு சிறுநீரகங்களுமே அகற்றப்பட்டன. 2023 ஜூலையில் அவன் இறந்தான். அதே ஆண்டில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு அம்பலமாயிற்று; முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். தலைநகரில் நிகழ்ந்தவையாதலின் இவை செய்தியாயின. தொலைதூர ஊர்களில் நேரக்கூடியவை செய்தியாகுமுன்னரே மண்ணுள் மறைந்துவிடும்.

ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்தல் மார்க்கக் கடமை, அதில் ஐயமில்லை. ஆயின், பிரேத பரிசோதனை என்றதும் குடும்பத்தார் கலங்குகின்றனர். ஊர்ப் பெரியோர், "நடந்தது நடந்துவிட்டது, மையித்தைத் தாருங்கள்" எனப் பரிந்துரைக்கின்றனர். இவ்வச்சத்துக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தை அனுமதித்திருந்தும், கொரோனாவால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டுமென 2020 மார்ச் முதல் 2021 பெப்ரவரி வரை அரசு பிடிவாதம் செய்தது. விஞ்ஞானத்தின் பெயரால் இழைக்கப்பட்ட அவ்வநீதிக்கு மன்னிப்புக் கோர 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. அடக்கும் உரிமைக்காக நாடே அதிரக் குரலெழுப்பிய சமூகம், அவ்வுயிர் ஏன் பிரிந்தது என அறியும் உரிமையை மட்டும் கேளாது விடுவது என்ன நியாயம்?

காரணம் அறியப்படாவிடின் நீதியும் இல்லை. பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கில் உயர் நீதிமன்றம் 2001 இல் வழங்கிய தீர்ப்பு இதற்குச் சான்று. கவனக்குறைவு ஏற்றுக்கொள்ளப்பட்டபோதிலும், அதுவே சிறுமியின் மரணத்துக்குக் காரணமென நிறுவப்படவில்லை என்பதால் வழக்குத் தள்ளப்பட்டது. பரிசோதனையுமின்றிப் பதிவேடுமின்றி அடக்கிவிட்டுப் பின்னர் புலம்புவோர் எதை நிறுவப்போகின்றனர்?

விதியை நம்புதல் விசாரணையைத் தடுக்குமென்பார் நமது வரலாற்றையே அறியாதார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். 931 ஆம் ஆண்டில் பக்தாதில் வைத்தியர் ஒருவரின் பிழையால் நோயாளி ஒருவர் இறந்தார். அதனை அறிந்த கலீபா அல்-முக்ததிர், 'நாட்டம்' எனக்கூறி அமைந்தாரல்லர். சினான் இப்னு தாபித்திடம் நகரத்து வைத்தியர் அனைவரையும் சோதிக்கும்படி ஆணையிட்டார். எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் சோதனைக்கு உட்பட்டனரென வரலாற்றாசிரியர் குறிப்பர். ஒரு சாவு ஒரு நகரத்தின் மருத்துவ முறையையே திருத்திற்று!

இனி, வைத்தியரை அடித்து நொறுக்கினால் நீதி கிடைத்துவிடுமெனக் கொதிப்போரும் தவறே செய்கின்றனர். பெரும்பாலான பிழைகள் தீயோர் செய்வனவல்ல. களைத்த தாதியும், நெரிசலான விடுதியும், ஒத்த பெயருடைய இரு மருந்துகளும், நோயாளிக்கு விளங்காத மொழியும் கூடிச் செய்வன. எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் நடந்து 2009 இல் வெளியான ஆய்வொன்று, சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் பெயர், உறுப்பு, ஒவ்வாமை முதலியவற்றை உரத்துக் கேட்டுச் சரிபார்க்கும் எளிய பட்டியலைப் பயன்படுத்தியபின், இறப்பு வீதம் 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்ததெனக் காட்டிற்று. அதற்குக் கோடி ரூபா இயந்திரம் தேவைப்படவில்லை; ஒழுங்கே தேவைப்பட்டது.

நமது அரசியல்வாதிகளோ தேர்தல்தோறும் வைத்தியசாலையைத் 'தரமுயர்த்துவோம்' என்கின்றனர். பெயர்ப்பலகை மாறுவது தரமாகாது. நாம் கேட்கவேண்டியவை மூன்று. இறப்புக்கான காரணம் குடும்பத்தாருக்குத் தமிழில் எழுத்துமூலம் வழங்கப்படல் வேண்டும். பிழை ஐயுறப்படுமிடத்து, அடக்கம் தாமதியாவண்ணம் பிரேத பரிசோதனையை விரைந்து முடிக்கும் ஏற்பாடு வேண்டும். உள்ளக விசாரணை அறிக்கை அலுமாரிக்குள் உறங்காது உறவினர் கைக்கு வரல் வேண்டும்.

இவற்றை ஜும்ஆப் பிரசங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வலியுறுத்துமாயின், மறுக்கத் துணியும் அதிகாரி யார்? இறந்தோருக்காகக் கையேந்தும் நாம், அடுத்த கட்டிலில் உயிரோடு கிடப்போருக்காக வாய் திறப்போமாக.